‘சீனை வெட்டிட்டாங்க’ என்று முடிவு கட்டும் முன்: மறுவெளியீட்டு டிஸ்க்குகளைச் சோதிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய படம் ஒன்று புது டிஸ்க்கில் வருகிறது என்றதும் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘முழுசா இருக்கா?’ என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான் அது. 1982-ல் வந்த ‘ஈ.டி.’ படத்தில் அதிகாரிகள் கையில் இருந்த துப்பாக்கிகள், 2002 மறுவெளியீட்டில் வாக்கி-டாக்கிகளாக மாற்றப்பட்டன. 1992-ல் தியேட்டரில் ஒலித்த ‘அலாவுதீன்’ பாடல் வரி ஒன்று, அடுத்த ஆண்டு வீடியோவில் வேறு வரியாக இருந்தது. படத்தின் உரிமையை வைத்திருப்பவர்கள் அதில் கைவைக்கிறார்கள் என்பது வெறும் வதந்தி இல்லை.

சிக்கல் சோதிக்கும் முறையில்தான் இருக்கிறது. ‘நாலு நிமிஷத்தைக் காணோம்’ என்று கிளம்பும் புகார்களில் பெரும்பாலானவை அட்டையில் அச்சிட்ட நிமிடக் கணக்கைப் பார்த்து எழுந்தவை. அவற்றில் பலவற்றில் ஒரு ஃபிரேம், அதாவது படச்சுருளின் ஒரு தனிப் படம் கூடக் குறைந்திருக்காது. உண்மையிலேயே மாற்றப்பட்ட படங்களோ, அதே நிமிடக் கணக்கில் ஒரு வினாடிகூட வித்தியாசம் காட்டாமல் கடந்துபோய்விடுகின்றன.

அட்டையில் உள்ள நிமிடத்தை நம்புவது

சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் டிவிக்குப் பயன்பட்ட பால் (PAL) முறை டிவிடியில் அதே படத்தை வினாடிக்கு 25 ஃபிரேமாக ஓட்டுவார்கள். ஃபிரேம்களின் எண்ணிக்கை அப்படியே இருக்க, நேரம் மட்டும் 4 சதவீதம் சுருங்கும். 100 நிமிடப் படம் 96 நிமிடம் ஆகும். 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 வினாடி ஆகும். அமெரிக்கா, ஜப்பானில் பயன்பட்ட என்டிஎஸ்சி (NTSC) முறையிலும் புளூ-ரேயிலும் இந்தச் சுருக்கம் இல்லை. வினாடிக்கு 23.976 ஃபிரேம் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஏழு வினாடி கூடும், அவ்வளவுதான். இந்தியாவில் விற்ற டிவிடிகளில் இரண்டு வகையும் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் நமக்கு இன்னும் அதிகம்.

காது பழகியவர்கள் வேறொரு அடையாளத்தையும் பிடிப்பார்கள். பால் டிவிடியில் பாட்டின் சுருதி, அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அளவுக்கு ஏறியிருக்கும். சில டிஸ்க்குகளில் அதைத் திருத்தியிருப்பார்கள் என்பதால், சுருதி சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வேகம் மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது.

அட்டைக் கணக்கை வேறு பலவும் கெடுக்கும். நிமிடத்தை முழு எண்ணாக்கி அச்சிடுவார்கள். முன்னால் நிறுவன லோகோ கூடும். பின்னால் படத்தைப் புதுப்பித்தவர்களின் பெயர்ப்பட்டியலும் டப்பிங் கலைஞர் பட்டியலும் சேரும். இவையே இரண்டு மூன்று நிமிடத்தை மாற்றிவிடும்.

சரியான வழி இது. இரண்டு பதிப்பையும் கணினியில் விஎல்சி போன்ற பிளேயரில் திறங்கள். மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒவ்வொன்றின் ஃபிரேம் வேகத்தையும் சொல்லிவிடும். லோகோக்களை விட்டுவிட்டு, படத்தின் முதல் காட்சி தொடங்கும் இடத்தை இரண்டிலும் பூஜ்ஜியமாக வையுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கதவு மூடுவது, விளக்கு அணைவது போன்ற தெளிவான ஒரு ஷாட்டைத் தேர்ந்து, இரண்டிலும் அது எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவாக இருந்தால், பூஜ்ஜியம் வைத்த இடம் தப்பு. சீராக வளர்ந்துகொண்டே போனால் அது வேக வித்தியாசம். ஓரிடத்தில் மட்டும் திடீரென்று குதித்து, அதன்பின் அந்த அளவிலேயே நின்றால், அங்கேதான் ஏதோ போயிருக்கிறது. உதாரணமாக 24 ஃபிரேம் பதிப்பில் 60-வது நிமிடத்தில் உள்ள ஷாட் 25 ஃபிரேம் பதிப்பில் 57:36-ல் வர வேண்டும். 70-வது நிமிட ஷாட் 67:12-ல் வர வேண்டும். முன்னது சரியாக வந்து, பின்னது 66:50-லேயே வந்துவிட்டால், இடைப்பட்ட பத்து நிமிடத்துக்குள் 22 வினாடி இல்லை. இனி அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் தேடினால் போதும். விஎல்சியில் ஆங்கில ‘ஈ’ விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும்.

இடம் கிடைத்ததும் பின்னணி இசையைக் கேளுங்கள். படம் தாவினாலும் இசை தடையில்லாமல் ஓடினால், அந்தத் தாவல் பெரும்பாலும் எடிட்டர் முதலிலேயே வைத்தது. அல்லது வெட்டியபின் ஒலியை மறுபடி கலந்திருக்கிறார்கள். இசையும் படத்தோடு சேர்ந்து தாவினால் அது பிற்காலத்து வெட்டு, அல்லது பிலிம் பிரிண்டின் சேதம். சேதத்துக்குத் தனி அடையாளம் உண்டு. ஆயிரம் அடி ரீல் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். தியேட்டரில் இரண்டு ரீல்களை இணைத்து ஓட்டுவது வழக்கம். ரீல் முனைகள்தான் முதலில் கிழியும், ஒட்டப்படும். 11 அல்லது 22 நிமிட இடைவெளியில், கோடுகளும் ‘டப்’ என்ற சத்தமும் சூழ ஓரிரு வினாடி போயிருந்தால், கத்தரி வைத்தது காலம்; தணிக்கையின்மேல் பழி போடக் கூடாது.

நேரம் சரியாக இருக்கிறதென்று நிம்மதி அடைவது

இது முதல் தவறைவிட மோசமானது. இன்றைய மாற்றங்களில் பல, காட்சியை நீக்குவதில்லை. ஃபிரேமுக்குள் புகுந்து படத்தை மாற்றுகின்றன. ‘ஈ.டி.’யின் துப்பாக்கிகள் போனபோது அந்த ஷாட்டுகளின் நீளம் மாறவில்லை. 1999-ல் ‘ஐஸ் வைட் ஷட்’ அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போனபோது, ஒரு காட்சியை மறைக்கக் கணினியில் உருவாக்கிய உருவங்களை முன்னால் நிறுத்தினார்கள். ஐரோப்பாவில் அவை இல்லை. அமெரிக்க டிஸ்க்கில் மறைப்பு நீங்கியது 2007-ல். 2020-ல் டிஸ்னி பிளஸில் வந்த ‘ஸ்பிளாஷ்’ படத்தில் நாயகியின் கூந்தலை டிஜிட்டலாக நீட்டி உடலை மறைத்திருந்தார்கள். ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ படத்தில் சிறுமி துணி உலர்த்தும் எந்திரத்துக்குள் ஒளிவாள். குழந்தைகள் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்பதால் பிரிட்டன் பதிப்பில் அந்த எந்திரம், பீட்சா பெட்டியால் அடைத்த அலமாரியாக மாறியது. பிறகு டிஸ்னி பிளஸிலும் அதுவே வந்தது.

இவற்றைப் பிடிக்க நிறுத்தற்கடிகாரம் உதவாது. நிர்வாணம், புகைபிடித்தல், ஆயுதம், இனம் அல்லது சாதியைக் குறிக்கும் வசைச்சொல், சுவரொட்டியிலோ சட்டையிலோ உள்ள எழுத்து: சர்ச்சை எழக்கூடிய இடங்களைப் பட்டியலிட்டு, அந்த ஷாட்டுகளை மட்டும் இரண்டு பதிப்பிலும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். வசனத்தில் சந்தேகம் இருந்தால் ஹெட்போனில் கேளுங்கள். ஒரு சொல்லை ஊமையாக்கும்போது அந்த நொடியில் காற்றோசை, வண்டிச் சத்தம் எல்லாமே சேர்ந்து அறுந்தால், எல்லா ஒலியும் கலந்து முடித்த தடத்தின்மேல் கைவைத்திருக்கிறார்கள். பின்னணி ஓசை அப்படியே இருக்க, குரல் மட்டும் இல்லையென்றால் தனித்தனி ஒலித்தடங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன என்று பொருள். அப்படியானால் அசல் ஒலியோடு ஒரு பதிப்பைத் தரவும் அவர்களால் முடியும். நிறுவனத்திடம் அப்படியொரு பதிப்பைக் கேட்க அது நல்ல ஆதாரம்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்று யோசிக்காமல் விடுவது

‘சின்ன வயசில் பார்த்தபோது இருந்தது’ என்ற நினைவை நம்பிப் புகார் எழுத வேண்டாம். டிரெய்லரில் வந்து படத்தில் வராத ஷாட்டுகள் ஏராளம். பத்திரிகையில் வந்த ஸ்டில், எடுக்கப்பட்டு வெளியீட்டுக்கு முன்பே நீக்கப்பட்ட காட்சியுடையதாக இருக்கலாம். ‘பிளேடு ரன்னர்’ போன்ற படத்தில் 1982-ன் அமெரிக்கப் பதிப்புக்கும் வெளிநாட்டுப் பதிப்புக்குமே வன்முறைக் காட்சிகளில் வேறுபாடு உண்டு. எனவே எந்த ஆண்டின், எந்த நாட்டின், எந்தப் பதிப்பு என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாடும் முக்கியம். பிரிட்டனில் 1937-ம் ஆண்டின் விலங்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. படப்பிடிப்புக்காக விலங்கை உண்மையில் கொடுமைப்படுத்தி எடுத்த காட்சிகளை அந்தச் சட்டம் தடுக்கிறது. கம்பியில் தடுக்கிக் குதிரைகள் விழும் ஷாட்டுகள் அங்கே அடிக்கடி போவது இதனால்தான். பிரிட்டன் டிஸ்க் வாங்குமுன் அந்நாட்டு வகைப்பாட்டு வாரியத்தின் தளத்தில் படத்தின் பெயரைத் தேடினால் வெட்டு விவரம் பெரும்பாலும் கிடைக்கும். சில மாற்றங்கள் தணிக்கையே அல்ல: ‘இன்சைட் அவுட்’ படத்தில் குழந்தை மறுக்கும் ப்ரோக்கோலி, ஜப்பானில் குடைமிளகாயாக வரைந்து வெளியிடப்பட்டது.

தமிழ் டப்பிங் கேட்பவர்களுக்கு ஒன்று. தமிழில் ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறித் திரும்பினால், டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். டப்பிங் தியேட்டர் பதிப்புக்குச் செய்யப்பட்டது. டிஸ்க்கில் இருப்பது நீட்டிக்கப்பட்ட பதிப்பு. கூடுதலாகச் சேர்ந்த காட்சிகள் எவை என்பதை அந்த ஆங்கிலத் துண்டுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ்ப் படங்களில் சான்றிதழைத் தாண்டி ஓட்டிவிடுவது

நம் படங்களுக்கு ஒரு நல்ல அளவுகோல் தொடக்கத்திலேயே வருகிறது. பிலிம் காலத்துத் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4,384 மீட்டர் என்று இருந்தால் 27.4-ஆல் வகுங்கள்: 160 நிமிடம். பழைய விளம்பரங்களில் அடிக்கணக்கு இருந்தால் 90-ஆல் வகுக்க வேண்டும்; 15,300 அடி 170 நிமிடம். சான்றிதழில் முக்கோணக் குறி இருந்தால் வாரியம் வெட்டச் சொன்ன படம் அது; என்னென்ன வெட்டு என்பது சான்றிதழின் இரண்டாம் பகுதியில் இருக்கும்.

டிஸ்க் 25 ஃபிரேமா என்று பார்த்து, தேவையானால் நேரத்தை 25/24-ஆல் பெருக்கிய பிறகே ஒப்பிடுங்கள். அப்படியும் பத்து நிமிடம் குறைந்தால் முதலில் பாடல்களை எண்ணுங்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டு மூன்று படங்களை அடைத்த பதிப்புகளில் முதலில் பலியாவது பாடல், அடுத்தது தனி நகைச்சுவைப் பகுதி. படம் ஓடத் தொடங்கியபின் நீளம் அதிகம் என்று தயாரிப்புத் தரப்பே குறைத்ததும் நம் ஊரில் சகஜம். அந்த வெட்டு டிஸ்க் வெளியிட்டவரின் குற்றமல்ல. ஆனால் நீக்கிய பகுதியின் நெகட்டிவ் எங்கே என்று கேட்க வேண்டிய ஆள் யார் என்பது அதிலிருந்து தெரியும்.

டிவியையும் பிளேயரையும் சோதிக்காமல் விடுவது

ஓரம் மறைவது டிவியின் அமைப்பாலும் நேரும். ஓவர்ஸ்கேன் இயங்கும் டிவி நான்கு பக்கமும் சில சதவீதத்தை விழுங்கிவிடும். படத்தின் அளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஃபுல் பிக்சல்’ போன்ற பெயரில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தபின் பாருங்கள். இரட்டை அடுக்கு டிவிடியில் படத்தின் நடுவே ஒரு நொடி உறைந்து நகர்வது அடுக்கு மாறும் இடம். கீறலாலும் பிளேயர் தாவும். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, வேறொரு பிளேயரிலும் போட்டுப் பாருங்கள். சட்டகம் தப்பாக அமைவதும் உண்டு: 2002-ல் வந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’ இரண்டாம், மூன்றாம் பாக டிவிடிகளில் சில காட்சிகளின் சட்டகம் இடம் தப்பிப் பதிவாகியிருந்தது, நிறுவனம் ‘வி2’ என்று குறியிட்ட மாற்று டிஸ்க்குகளைக் கொடுத்தது.

‘வாங்கி வைத்திருக்கிறேன், போதும்’ என்று ஸ்ட்ரீமிங்கை நம்புவது

டிஸ்க்கில் அச்சானது அப்படியே இருக்கும். ஸ்ட்ரீமிங்கில் கோப்பை எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பின்றி மாற்றலாம். 1971-ல் வந்த ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்தில் இனவசைச் சொல் வரும் சில வினாடிகள் இல்லாத பதிப்பு, 2023-ல் ஸ்ட்ரீமிங் தளங்களில் ஓடியதைப் பார்வையாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அந்த வசை நாயகனின் குணத்தைக் காட்ட எழுதப்பட்டது. அது போனால் அவன் உண்மையில் இருப்பதைவிட நல்லவனாகத் தெரிவான். பழைய டிஸ்க்குகளில் அந்த உரையாடல் முழுதாக இருக்கிறது.

அதனால் புதுப் பதிப்பு வந்ததும் பழையதை விற்றுவிடாதீர்கள். மேலே சொன்ன சோதனையை முடித்த பிறகு முடிவு செய்யுங்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் மூன்று படங்களின் தியேட்டர் பதிப்பு 2006 டிவிடியில் கூடுதல் டிஸ்க்காக வந்தது. 1993 லேசர் டிஸ்க்குக்குச் செய்த மாஸ்டரிலிருந்து எடுத்த, தெளிவு குறைந்த பிரதிதான் அது. ஆனாலும் அதை வைத்திருந்தவர்கள் இன்றும் விடுவதில்லை.

ஆதாரமில்லாமல் புகார் எழுதுவது

‘படத்தைக் கெடுத்துட்டீங்க’ என்ற கடிதத்துக்குப் பதில் வராது. எழுத வேண்டியவை: டிஸ்க்கின் பார்கோடு எண், அடிப்பக்கத்தில் நடுத்துளையைச் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும், பிளேயரின் மாடல், எந்த மொழி மெனுவில் பார்த்தீர்கள் என்பது, குறை தெரியும் இடம் மணி:நிமிடம்:வினாடியில், ஒப்பிட்ட பதிப்பின் பெயரும் ஆண்டும், அதில் அதே இடத்தின் நேரம். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட். நடுத்துளை எண்ணை விட்டுவிடாதீர்கள். ஒரே அட்டையில் திருத்திய டிஸ்க்கும் திருத்தாத டிஸ்க்கும் கடைகளில் கலந்து கிடக்கும்போது, உங்கள் கையில் இருப்பது எது என்று அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.