ராலிக்கு டிரெய்லர் இழுத்துப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்: திரும்பும் வழியில்தான் அதிகம்

அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு, வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு கிளப் உண்டு. கம்பெனியை நிறுவிய வாலி பையம், டிரெய்லர்காரர்களைக் கூட்டமாகக் கூட்டிப்போன கேரவன் பயணம் ஒன்றில் கலந்துகொண்டவர்கள், 1955-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள கென்ட்வில் ஊரில் தொடங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்கள் டிரெய்லரோடு வந்து கூடும் சர்வதேச ராலி நடக்கும். ஊர் ஒவ்வொரு வருடமும் மாறும். நெற்றியில் சிவப்பு எண் ஒட்டிய வெள்ளி நிற டிரெய்லர்கள் ஒரு பொருட்காட்சி மைதானத்தில் வரிசை வரிசையாக நிற்க, நீலத் தொப்பி போட்ட மூத்த உறுப்பினர்கள் நடுவில் நடமாடுவார்கள். இந்த ஒரு வாரத்துக்காக ஆயிரம் மைல் இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மற்ற கம்பெனி டிரெய்லர்காரர்களுக்கும் இதுபோன்ற கூடல்கள் இருக்கின்றன.

கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு மாதம் தயாராகிறார்கள். டயர் பார்ப்பார்கள், பிரேக் பார்ப்பார்கள், பட்டியல் போட்டு டிக் அடிப்பார்கள். திரும்பும்போது அதே டிரெய்லர்தானே என்று அரை மணி நேரத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அது அதே டிரெய்லர் இல்லை. உள்ளே இருக்கும் எடையும் மாறியிருக்கும், அந்த எடை உட்கார்ந்திருக்கும் இடமும் மாறியிருக்கும்.

எடையிலிருந்தே தொடங்குவோம். புதிதாக வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “என் வண்டி எவ்வளவு இழுக்கும்?” விளம்பரத்தில் 9,000 பவுண்டு என்று போட்டிருக்கும், டிரெய்லர் 7,000தான், தாராளம் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் முதலில் முட்டுவது இழுவைத் திறன் இல்லை, வண்டி மேலே சுமக்கும் திறன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ஒரு சாதாரண பிக்கப் டிரக்கில் அது 1,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,000 பவுண்டு டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் இறங்கும். பன்னிரண்டரை சதவீதம் என்றால் 875 பவுண்டு. ஹிட்ச் சாமானே ஒரு 90. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 500. ஆக 1,465. ஐஸ் பெட்டியும் விறகும் டிரக்கில் ஏறும் முன்பே கணக்கு தாண்டிவிட்டது.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதைவிட எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். முன்சக்கரம், பின்சக்கரம், டிரெய்லர் சக்கரம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். டிரெய்லரோடு ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் ஒருமுறை நிறுத்துங்கள். முதல் தடவை, பந்தின் மேல் இறங்கும் எடையை மற்ற சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச்சின் ஸ்பிரிங் கம்பிகளைத் தளர்த்தி வைத்திருந்தால், இரண்டு முறையும் டிரக் காட்டிய எடைக்கு உள்ள வித்தியாசமே பந்தின் மேல் இறங்கும் எடை. பின்னால் பெரிய லாரிகள் காத்திருக்கும், கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் செய்யுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் போனால் சரி.

பந்தின் மேல் எடை ஏன் வேண்டும்? மாட்டு வண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும் என்பது நம் ஊரில் தெரிந்த விஷயம். டிரெய்லரிலும் பின்பாரம் கூடினால் முன்பக்கம் லேசாகிவிடும். அப்போது வேகமாகப் போகையில் பக்கத்தில் ஒரு லாரி கடந்தாலோ, குறுக்கே ஒரு காற்று அடித்தாலோ, டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். சில நொடிகளில் டிரக்கையே இழுத்துக்கொண்டு கவிழ்த்துவிடும்.

அந்த நேரத்தில் காலும் கையும் தானாகச் செய்வது எல்லாமே தவறு. பிரேக்கை அழுத்தி மிதிக்கத் தோன்றும். மிதித்தால் டிரக் நிதானிக்க, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கத் தோன்றும். அது ஆட்டத்துக்கு இன்னும் உயிர் கொடுக்கும். செய்ய வேண்டியது இதுதான்: ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், டிரக்கில் உங்கள் கைக்கெட்டும் இடத்தில் டிரெய்லர் பிரேக்குக்கென்று வைத்த பிரேக் கன்ட்ரோலர் கருவியின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டு நேராகிவிடும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போகிற அளவுக்கு, ஆள் இல்லாத ஒரு பார்க்கிங் இடத்தில் பழகி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்காருகிறவருக்கும் காட்டி வையுங்கள்.

டயர் விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுவது அதன் பட்டன் தேயவில்லை என்பதால். டிரெய்லர் வருடத்தில் பத்து மாதம் வெயிலில் சும்மா நிற்கிறது. டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வயசாகிவிடும். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டினால் பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். காற்று எப்போதும் காலையில், ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். மத்தியானம் பெட்ரோல் பங்கில் அளவு ஏறியிருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடைக்காலத்து நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க அதைவிடச் சுருக்கு வழி இல்லை. டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் வரம்பு. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டமே 55-க்கு மேல் விடாது.

வழி பார்ப்பதற்கு போனில் இருக்கும் மேப்பையே நம்புவது இன்னொரு தவறு. அது நீங்கள் காரில் போவதாக நினைத்துக்கொண்டு வழி சொல்லும். கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் டிரெய்லருக்கு அனுமதியே கிடையாது. நார்த் கரோலைனாவில் டர்ஹம் நகரத்தில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம், லாரிகளின் கூரையைச் சீவிச் சீவியே உலகப் புகழ் பெற்றது. 2019-இல் அதை எட்டு அங்குலம் தூக்கினார்கள், அதற்கப்புறமும் இடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூரை மேல் ஏசியோடு சேர்த்து உங்கள் டிரெய்லர் எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து, டாஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள்.

கேஸ் சிலிண்டர் இருப்பது பலருக்கு நினைவிலேயே இருக்காது. பால்டிமோரின் இரண்டு துறைமுகச் சுரங்கப்பாதைகளிலும், டிரெய்லரில் வரும் அளவுள்ள சிலிண்டரோடு போகத் தடை. முன்பு கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவார்கள். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்தது. அதன்பின் ஊரின் மேற்குப் பக்கமாக 695 நெடுஞ்சாலையில் சுற்ற வேண்டியதாகிவிட்டது. பழைய பயணக் குறிப்பை வைத்துக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மைதானத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இருட்டில் ஈரப் புல்லில் ரிவர்ஸ் எடுப்பது யாருக்கும் நல்லதில்லை. ராலியில் ஒரு தனித் தொல்லை, உதவிக்கு ஆறு பேர் ஓடி வருவார்கள், ஆறு பேரும் ஆறு திசையில் கை காட்டுவார்கள். ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். “அண்ணா, நீங்க மட்டும் சொல்லுங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணாடியில் அந்த ஒருவர் மறைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். கழற்றும்போது முதல் வேலை சக்கரத்துக்கு முட்டுக் கட்டை வைப்பது. பந்தைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லர் முனையான கப்ளரைத் தூக்கியபின் கட்டை தேடிப் போனால், அதற்குள் டிரெய்லர் உருண்டிருக்கும்.

கரன்ட் கொடுக்கிறார்கள் என்றால் செருகுவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள். மைதானத்தில் தற்காலிகமாக இழுத்த லைனில் எல்லோரும் மத்தியானம் மூன்று மணிக்கு ஏசி போட்டால், 120 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 105-க்குக் கீழே போய்விடும். கம்ப்ரஸருக்கு அது விஷம். குறைந்தால் தானே துண்டித்துவிடும் பாதுகாப்புக் கருவி ஒன்றை வாங்கி வைத்தால், ஒரு ஏசி விலை மிச்சம். 30 ஆம்ப் லைனில் ஏசியும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

இப்போது கிளம்பும் நாள். விடிந்ததும், கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனில் வரிசை நீண்டிருக்கும். வீட்டுக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம் என்று கழிவுத் தொட்டிகளை நிறைத்துக்கொண்டே கிளம்புகிறவர்கள் எத்தனையோ பேர். குளியல் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறைத் தொட்டியும் சேர்ந்து 70 கேலன் என்றால், கேலனுக்கு 8.3 பவுண்டு வீதம் கிட்டத்தட்ட 580 பவுண்டு. வந்தபோது இந்த எடை இல்லை. பல டிரெய்லர்களில் இந்தத் தொட்டிகள் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கின்றன. வந்தபோது முன்பக்கத்தில் இருந்த அரிசியும் தண்ணீர் பாட்டிலும் விறகும் தீர்ந்துவிட்டன. அங்கே நடந்த பழைய சாமான் சந்தையில் வாங்கிய இரும்பு அடுப்பும் இரண்டு நாற்காலியும் பின் அறைக் கட்டிலுக்கு அடியில். மேலே சொன்ன பின்பாரம் இப்படித்தான் யாருக்கும் தெரியாமல் சேருகிறது. வரிசை எவ்வளவு நீளமானாலும் நின்று காலி செய்யுங்கள். வாங்கிய சாமானை டிரக்கில் இடம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் டிரெய்லர் சக்கரத்துக்கு நேர் மேலே வையுங்கள்.

அடுத்த வில்லன், விடைபெற வருகிற நண்பர்கள். நீங்கள் கப்ளரை இறக்கிக்கொண்டிருப்பீர்கள், ஒருவர் வந்து கட்டிப்பிடிப்பார், போன் நம்பர் கேட்பார், அவர் போனதும் நீங்கள் எங்கே விட்டோம் என்று மறந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். பூட்டு ஊசி செருகாமலே இருக்கும். மாட்டுகிற வேலை நடக்கும்போது பேச்சு கிடையாது என்பதை வீட்டில் ஒரு சட்டமாகவே வையுங்கள். யாராவது குறுக்கே வந்துவிட்டால் பட்டியலை மறுபடி முதலிலிருந்து.

கப்ளர் உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பூட்டியபின் முன் ஜாக்கியை மறுபடி மேலே ஏற்றுங்கள். டிரக்கின் பின்பக்கம் கூடவே எழும்பினால் பிடித்திருக்கிறது. கப்ளர் மட்டும் பந்தை விட்டு எழும்பினால் பிடிக்கவில்லை. யாரிடமாவது பந்து இரவல் வாங்கியிருந்தால் அளவைப் பாருங்கள். இரண்டே கால் அங்குலத்துக்குச் சற்று மேலான பந்துக்குச் செய்த கப்ளர், இரண்டு அங்குலப் பந்தின் மேலும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். முதல் பள்ளத்தில் துள்ளி வெளியே வரும். பாதுகாப்புச் சங்கிலிகள் அடியில் குறுக்காகப் போகட்டும், கப்ளர் விட்டாலும் முன்பக்கம் தரையில் குத்தாமல் தாங்கிக்கொள்ளும். டிரெய்லர் பிரிந்தால் தானே பிரேக் போடும் மெல்லிய கேபிளை அந்தச் சங்கிலியோடு மாட்டாமல், டிரக்கில் தனியாக மாட்டுங்கள்.

ஆன்டெனா, கூரை ஜன்னல், படிக்கட்டு, கரன்ட் வயர், வெளியே நிழலுக்கு விரிக்கும் ஆனிங். இவற்றை மடக்கினோமா, மூடினோமா, கழற்றினோமா என்று பார்க்க விளக்கம் தேவையில்லை, ஒருமுறை சுற்றி வந்தால் கண்ணிலேயே படும்.

வழியில் மலை இறக்கம் இருந்தால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். திங்கட்கிழமை ஆபீஸ் என்பதற்காக 700 மைலை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். டிரெய்லர்காரர்கள் நாளுக்கு 300 மைல், மூன்று மணிக்குள் இடம் சேர்வது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அது சரியான கணக்கு.

முதல் நிறுத்தத்தை 30, 40 மைலிலேயே வையுங்கள். டீ குடிக்கும் முன் டிரெய்லரைச் சுற்றி வந்து, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் நடுக் குடத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் தொடரலாம். ஒன்று மட்டும் கொதித்தால் அதில் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பிரேக் உரசிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நின்று மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அடுத்த ஊர் வரை பார்க்கலாம் என்று வேண்டாம்.