ரயில் நேரம் பார்த்து ரூம் போடுங்கள்: வின்ஸ்லோவின் லா பொசாடாவுக்குப் போய்வருவது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பாலைவனத்தில் வின்ஸ்லோ என்றொரு சின்ன ஊர். அங்கே தண்டவாளத்தை ஒட்டியே 1930இல் சாண்டா ஃபே ரயில்வேயும், ரயில் பயணிகளுக்காக ஹோட்டல்களும் உணவகங்களும் நடத்திய ஃபிரெட் ஹார்வி கம்பெனியும் சேர்ந்து திறந்த ஹோட்டல்தான் லா பொசாடா. காரிலும் போகலாம், மேற்கே உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகரிலிருந்து சுமார் 93 கி.மீ.தான். ஆனால் ரயிலில் வருகிறவர்களுக்காகக் கட்டிய இடம் இது. ஒரு பக்கமாவது ரயிலில் போனால்தான் அதன் அமைப்பு பிடிபடும்.

1. முதலில் ரயில், பிறகு ரூம்

சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே ஓடும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயில் (அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்குடையது), திசைக்கு ஒன்றாகத் தினமும் இங்கே நிற்கிறது. மேற்கே போகும் வண்டி மாலையில் வரும். கிழக்கே போவது விடிவதற்கு முன்போ விடியும் நேரத்திலோ வரும்.

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். லாஸ் ஏஞ்சலிஸில் 10ஆம் தேதி மாலை ஏறினால் வின்ஸ்லோவில் இறங்குவது 11ஆம் தேதி அதிகாலை. 11ஆம் தேதிக்கு ரூம் போட்டால் செக்-இன் பிற்பகலில்தான். அதுவரை பெட்டியோடு காத்திருக்க வேண்டும். 10ஆம் தேதி இரவுக்கே ரூம் எடுத்து, அதிகாலையில் வருவோம் என்று ஹோட்டலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், வராத விருந்தாளி என்று புக்கிங்கையே ரத்து செய்துவிட வாய்ப்புண்டு.

எங்களைக் கேட்டால், கிழக்கே நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கியில் பிற்பகல் ஏறி மாலையில் இங்கே இறங்குவதே சுகம். இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் மாலை அதே மேற்கு வண்டியைப் பிடிக்கலாம்.

2. கடிகாரத்தைச் சரிபாருங்கள்

கோடையில் பெரும்பாலான மாநிலங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், அரிசோனா தள்ளாது. அதனால் கோடையில் ரயில் உள்ளூர் நேரப்படி ஒரு மணி நேரம் முன்னதாக வரும். குளிர்காலத்தில் போய்வந்தவர் சொன்ன நேரத்தை நம்பி ஜூலையில் போனால் வண்டி போயிருக்கும். வடக்கே நவாஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் மட்டும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அங்கே சுற்றிவிட்டு வந்தால், ஃபோன் காட்டும் மணியை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

3. இறங்குவது

ஸ்டேஷனில் ஊழியர் கிடையாது. டிக்கெட் கவுண்டர் இல்லை, பெரிய பெட்டிகளை லக்கேஜ் வேனில் போடும் வசதியும் இல்லை. நீங்களே தூக்கி இறக்கக்கூடிய பெட்டியாக எடுத்துச் செல்லுங்கள். டிக்கெட் ஃபோனில் இருக்கட்டும். ஹோட்டல் பக்கத்திலேயே இருப்பதால் டாக்ஸி தேவையில்லை.

4. கட்டடத்தைப் பார்க்கும் முறை

வடிவமைத்தவர் மேரி கோல்டர். கிராண்ட் கேன்யனின் ஹோப்பி ஹவுஸும் டெசர்ட் வியூ கோபுரமும் அவர் கைவண்ணமே. செல்வாக்கான ஒரு ஸ்பானிஷ் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டிய பண்ணை மாளிகை என்று ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொண்டு இதை வரைந்தார். கட்டடம், தோட்டம், நாற்காலி மேசை எல்லாவற்றையும் அந்தக் கதைக்கு ஏற்பவே அமைத்தார். கூரை உயரங்கள் மாறுவதும், நடைவழிகள் வளைவதும் வேண்டுமென்றே செய்தவை.

தெற்குப் புல்வெளியிலிருந்து தொடங்குங்கள். அது தண்டவாளப் பக்கம். பிறகு உள்ளே நடந்து, வடக்கே, சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை போன பழைய நெடுஞ்சாலையான ரூட் 66 பக்கம் வெளியே வாருங்கள். 1930இன் பயணி பார்த்த வரிசை அது.

ஹோட்டலைத் திறந்த காலம் சரியில்லை: 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 1957இல் மூடினார்கள். பிறகு ரயில்வே அலுவலகமாக்கி, தடுப்புச்சுவரும் பொய்க்கூரையும் போட்டு மறைத்தார்கள். 1997இல் ஆலன் அஃபெல்ட் என்பவர் வாங்கி மீட்டெடுத்தார். அவர் மனைவி டீனா மயனின் ஓவியங்கள் இப்போது சுவர்களில் தொங்குகின்றன. சில கொஞ்சம் மிரட்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க.

5. தூக்கமும் சாப்பாடும்

நாட்டின் மிகப் பரபரப்பான சரக்குப் பாதைகளில் ஒன்று இது. இரவு முழுக்கக் கூட்ஸ் வண்டிகள் ஓடும். சுவர் தடிமன்தான், ஆனாலும் லேசான தூக்கக்காரர்கள் சாலைப் பக்கத்து ரூம் கேளுங்கள். ரயில் ஆர்வலர்கள் தெற்குப் பக்கம்.

ஹோட்டலின் டர்க்காய்ஸ் ரூம் உணவகத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு, ரூமோடு சேர்த்தே மேசையும் புக் செய்யுங்கள். சைவர்கள் சூப், சாஸ் எதையும் கறிச்சாற்றில் செய்தார்களா என்று கேட்டே வாங்குங்கள்.

6. சுற்றிப் பார்க்க

கார் இல்லாமல் ஊருக்கு வெளியே எதுவும் எட்டாது. விண்கல் விழுந்து உண்டான பெரும் பள்ளமான மீட்டியர் கிரேட்டர் மேற்கே சுமார் 40 கி.மீ.; தனியாருடையது என்பதால் தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா கிழக்கே சுமார் 93 கி.மீ.; அங்கே அந்த பாஸ் செல்லும், ஆனால் மாலையிலேயே மூடிவிடுவதால் காலையில் கிளம்புங்கள். ஊர் சுமார் 4,850 அடி உயரத்தில் இருக்கிறது. பகலில் தொப்பியும் தண்ணீரும், இரவில் ஸ்வெட்டரும் வேண்டும்.

7. திரும்பும் நாள்

கூட்ஸ் நெரிசலால் வண்டி மணிக்கணக்கில் தாமதமாவது சாதாரணம். ஆம்ட்ராக் செயலியில் வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு ஹோட்டலிலேயே உட்கார்ந்திருங்கள். அதே நாளில் விமானமோ வேறு ரயிலோ பிடிப்பதுபோல் டிக்கெட் போடாதீர்கள்.