தக்காளி இலை கோளாறு: மருந்தடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

மாடித்தோட்டத்தில் தக்காளி வைத்த முதல் ஆண்டு, இலை சுருண்டாலும் வேப்பெண்ணெய், மஞ்சளானாலும் வேப்பெண்ணெய் என்று அடித்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் செடிக்கு நோயே இல்லை. நான் ஊற்றிய தண்ணீர்தான் அதிகம்.

படி 1: மண்ணைத் தொடுங்கள்

விரலை இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள். மண் சொதசொதவென்று இருந்து, இலைகள் மஞ்சளாகித் தொங்கினால் வேருக்குக் காற்று இல்லை. பையின் அடித்துளையை அடைப்பு நீக்கி, மேல்மண் காய்ந்தபின் மட்டும் நீர் விடுங்கள்.

படி 2: மஞ்சள் எந்த இலையில்?

தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைகள் முழுதாக வெளிறும். மண்புழு உரம் இடுங்கள். அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறை. இதே தோற்றம் கொழுந்தில் வந்தால் இரும்புச்சத்துக் குறை. இரும்பு பழைய இலையிலிருந்து எளிதில் நகராது. காரத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது அடிக்கடி வரும்.

படி 3: இலையைத் திருப்புங்கள்

பூச்சிகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். செடியை உலுக்கினால் வெண்துகள்போல் பறப்பது வெள்ளை ஈ. ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டுங்கள். தூசி நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. இங்கேதான் வேப்பெண்ணெய்க்கு வேலை: லிட்டருக்கு 5 மி.லி., கரைவதற்குச் சிறிது சோப்புக் கரைசல், மாலையில், அடிப்பக்கம் நனைய.

படி 4: சுருளல்

புதியவர்களை மிகவும் ஏமாற்றுவது இதுதான். மே மாத வெயிலில் அடி இலைகள் நீளவாக்கில் குழல்போல் மடங்கும். பச்சை மாறாது, பூவும் காயும் வரும். அது வெப்பத்துக்குச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு, விட்டுவிடுங்கள்.

கொழுந்து சிறுத்து, விளிம்பு மஞ்சளாகி மேல்நோக்கிக் கிண்ணம்போல் குவிந்து, செடி குட்டையாக நின்றால் அது இலைச்சுருள் நச்சுயிரி (வைரஸ்). வெள்ளை ஈ கொண்டுவருவது. மருந்து கிடையாது. மனம் வராதுதான், ஆனாலும் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துச் செடிக்கும் போகும். மிஞ்சிய செடிகளுக்கு நடுவே மஞ்சள் ஒட்டுப்பொறி (பூச்சி ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய மஞ்சள் அட்டை) தொங்கவிடுங்கள். அடுத்த முறை அர்கா ரக்ஷக் போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்தைத் தேடுங்கள்; பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடு அது.

படி 5: புள்ளியும் கோடும்

வெள்ளைக் கோடு கிறுக்கியதுபோல் இருந்தால் இலைத்துளைப்பான் புழு. அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும். அடி இலையில் பழுப்புப் புள்ளி, உள்ளே வளையத்துக்குள் வளையம் என்றால் இலைக்கருகல் பூஞ்சை. அந்த இலைகளை அகற்றி, இனி இலை நனையாமல் வேருக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள்.

படி 6: பச்சையாகவே வாடினால்

மண்ணில் ஈரம் இருந்தும் செடி ஓரிரு நாளில் தொங்கிப்போனால், அடித்தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய். செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், கத்தியைக் கழுவுங்கள். அந்த மண்ணில் கத்தரியோ மிளகாயோகூட வைக்காதீர்கள்.