அடவு முந்திக்கொள்ளும்: தெருவில் ஆய்வு செய்யும் நடன மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரதம் படிக்கும் மாணவியிடம் தண்ணீர் சுமக்கும் பெண்ணைக் காட்டச் சொன்னால், கை தானாக இடுப்புக்குப் போகும், இடை ஒரு பக்கம் ஒசியும், ஓரக்கண் பார்வைகூட வந்து சேரும். பார்க்க அழகுதான். சென்னை பெரும்பாக்கத்தின் மறுகுடியமர்வு அடுக்குமாடிகளில் லிஃப்ட் ஓடாத நாளில் ஐந்தாம் மாடிக்குக் குடம் ஏற்றுகிறவர் அப்படி நடப்பதில்லை. பல வருடப் பயிற்சியில் உடம்பு அடவுகளை, அதாவது பரதத்தின் அடிப்படை அசைவுகளை, பதில்களாகச் சேர்த்து வைத்திருக்கிறது. கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் ஒன்றை எடுத்து நீட்டிவிடும். மனோதர்மமாக, அதாவது முன்கூட்டி அமைக்காமல் அந்தந்த நேரத்தில் தோன்றுவதை ஆடி, ஒரு குடியிருப்பைப் புரிந்துகொள்ளப் போகிறவர்கள் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் சறுக்கல் கேள்வியிலேயே நடக்கிறது. "இந்தப் பகுதி மக்களின் வாழ்வியல்" என்று எழுதிக்கொண்டு போனால் எதை ஆடினாலும் சரியாகத்தான் இருக்கும், அதாவது எதையுமே கண்டுபிடிக்க முடியாது. "குடத்தோடு மாடியேறுகிறவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள், யாருக்கு வழி விடுகிறார்கள்?" என்பது கேள்வி. இதற்கு விடை தவறாகவும் இருக்கலாம். அந்த வாய்ப்பு இருந்தால்தான் அது ஆய்வு.

அடுத்தது காலிக் குடம். ஒத்திகைக் கூடத்தில் வெறும் குடத்தை வைத்து, அல்லது குடமே இல்லாமல் பாவனையில் தேடினால் பழைய அபிநயம்தான் திரும்ப வரும். வழக்கமான பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும்; நிறைத்தால் 15 கிலோ. முதலில் பாதி நிறைத்து, உடம்பு பழகியபின் முழுதாக நிறைத்து, கல்லூரிப் படிக்கட்டில் மூன்று மாடி ஏறிப் பாருங்கள். முதுகுவலி உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். குடம் இடது இடுப்பில் இருந்தால் உடல் வலப்பக்கம் சாயும்; வலக்கை சமன் செய்ய விலகி நிற்கும், அதே கைதான் கைப்பிடியையும் பிடிக்க வேண்டும், புடவைக் கொசுவத்தையும் தூக்க வேண்டும். காலடி தூரம் சுருங்கும். இறங்கி வந்ததும் குடத்தை வைத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நடந்தால், அந்தச் சாய்வு கொஞ்ச நேரம் உடம்பில் மிச்சமிருக்கும். ஆடத் தொடங்க வேண்டிய இடம் அந்த மிச்சம்.

இதைச் சொல்லும்போதே இன்னொரு தவறும் எட்டிப் பார்க்கிறது: ஒருவரைப் பார்த்து அப்படியே நடித்துக் காட்டுவது. தெருவில் அதற்குப் பெயர் நக்கல். கால் இழுத்து நடக்கும் தாத்தாவை அவர் பேரனுக்கு எதிரே ஆடிக் காட்டினால், அதற்குப் பிறகு அந்தச் சந்தில் யாரும் பேச மாட்டார்கள். தனி ஆளின் நடையை எடுக்காதீர்கள். குறைந்தது ஐந்து பேரைப் பார்த்து, எடை எந்தக் காலில் விழுகிறது, எந்தக் கை காலியாக இருக்கிறது, எங்கே நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்று ஏதாவது ஒரே ஒரு கூறை மட்டும் எடுங்கள்.

அனுமதி விஷயத்தில் கவுன்சிலரிடம் சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். அவரோடு போய் இறங்கினால் கட்சி வேலை என்று பெயராகிவிடும். மீனவர் குப்பமென்றால் ஊர்ப் பஞ்சாயத்து, அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் பிளாக் சங்கமும் மகளிர் குழுவும், இவர்களிடம் தனித்தனியே போய்ப் பேச வேண்டும். மறுகுடியமர்வுப் பகுதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நோட்டும் பேனாவுமாக வந்து கணக்கெடுத்தவர்களுக்குப் பின்னால் வீடு இடிப்பு வந்ததைக் கண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறினாலும், "போர்டுலேர்ந்து வந்திருக்கீங்களா?" என்ற கேள்வி மாறவில்லை. அதற்குத் தெளிவான பதில் சொல்லாமல் எடுத்த தகவல், பயத்தில் சொன்ன தகவலாகவே இருக்கும். வந்த முதல் நாளே யார், எதற்கு, எத்தனை நாள், இதனால் வீடோ பட்டாவோ கிடைக்காது என்பது வரை சொல்லிவிடுங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பாட்டு போட்ட நொடியில் அது நிகழ்ச்சியாகிவிடும். மக்கள் பார்வையாளர்களாவார்கள், நீங்கள் பார்க்க வந்த அன்றாடம் கலைந்துவிடும். சலங்கையும் பயிற்சிப் புடவையும் அதே வேலையைத்தான் செய்யும். (ஒலிபெருக்கி என்றால் காவல்துறை அனுமதியும் தேவை.) பறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: மேடையில் அது விடுதலையின் கருவியாக ஒலிக்கலாம், ஆனால் சென்னைத் தெருக்கள் பலவற்றில் காலை நேரப் பறையொலி ஒரு சாவுச் செய்தி. கேட்காமல் அடிக்காதீர்கள். தெருவில் சாவு விழுந்த வாரத்தில் ஆடவே வேண்டாம்.

இன்னொரு பக்கம், விதியே இல்லாமல் ஆடுவதும் வீண். நாலு பேர் கொண்ட குழு போதும்: இருவர் அசைவார்கள், ஒருவர் எழுதுவார், ஒருவர் "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வார். இந்த நாலாவது ஆள் இல்லாததால்தான் பல குழுக்கள் அரைமணியில் திரும்பி வருகின்றன. ஒரு ஆட்டத்துக்கு 12 நிமிடம், மூன்று விதி. அன்று கண்ணால் பார்த்த அசைவிலிருந்து மட்டும் தொடங்கு. அடவாக மாறுவது தெரிந்தால் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கு. வழியில் யார் வந்தாலும் ஒதுங்கு. எங்கே எத்தனை முறை ஒதுங்க வேண்டியிருந்தது என்பதே நல்ல தரவு, அந்த இடம் யாருடையது என்று அது சொல்லிவிடும்.

கல்லூரி விட்டபின் மாலை 4-லிருந்து 6 வரை மட்டும் போகிறவர்கள் ஒரே தெருவைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். தண்ணீர் வரும் விடியற்காலை, பள்ளி விடும் நேரம், வேலை முடிந்து வரும் இரவு என்று ஒரே இடத்தை மூன்று வேளையிலும் இருபது நிமிடமாவது பாருங்கள். செருப்பில்லாமல் ஆட வேண்டும் என்ற வைராக்கியம் தார்ச்சாலைக்கும் கண்ணாடித் துண்டுக்கும் புரியாது. சிமெண்ட் தரையில் தட்டடவு போட்டால் முதலில் வலிப்பது முழங்கால்தான்.

1972-ல் ஸ்டீவ் பாக்ஸ்டன் அமெரிக்காவில் தொடங்கிவைத்த தொடு நடனத்தை (contact improvisation) வகுப்பில் கற்றவர்களுக்கு அதைத் தெருவிலும் செய்யக் கை துறுதுறுக்கும். ஆணும் பெண்ணும் ஒருவர்மேல் ஒருவர் எடை சாய்த்து ஆடினால் அன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். குழந்தைகள் எப்படியும் முதலில் ஓடி வருவார்கள். தூக்கவோ கைபிடித்துச் சுற்றவோ வேண்டாம். 18 வயதுக்குக் கீழானவர் பெயரோ படமோ பதிவாவதற்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.

பதிவு என்றாலே வீடியோ என்று நினைப்பதும் தவறு. கேமரா தூக்கினால் முதுகுகள் நிமிர்கின்றன, கைகள் இறங்குகின்றன. ஆடி முடித்த பதினைந்து நிமிடத்துக்குள், பேசிக்கொள்ளும் முன், ஒவ்வொருவரும் தனியாக மூன்று பத்தியில் எழுதுங்கள்: பார்த்தது, என் உடம்பு செய்தது, நான் ஊகிப்பது. பேசிவிட்டு எழுதினால் நாலு பேருக்கும் ஒரே நினைவுதான் இருக்கும். மூன்றாம் பத்தியில் இருப்பதை முதல் பத்தியில் எழுதிவிடுவதுதான் அறிக்கைகளில் அதிகம் காணும் பிழை. "சோர்வாக ஏறினார்" என்பது ஊகம். "நான்காவது திருப்பத்தில் நின்று குடத்தை இடம் மாற்றினார்" என்பதே பார்த்தது.

கடைசித் தவறு, ஆடியதை அந்த ஆட்களிடமே கொண்டுபோய்க் காட்டாமல் நேரே கல்லூரி மேடைக்கு எடுத்துப் போவது. அந்த ஆட்களிடம் காட்டும்போதும் "பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள், வந்த பிள்ளைகள் மனம் கோணக்கூடாதே. "இதுல எது தப்பு, நீங்க செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். எழுந்து குடத்தை வாங்கி, "இப்படி வச்சா மூணாவது மாடிலயே இடுப்பு போயிடும்" என்று காட்டுகிறவரின் திருத்தம் உங்கள் மூன்று வார ஆட்டத்தைவிட அதிகம் சொல்லும். அதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துவிடச் சொல்லும் பகுதியைக் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். பிளாக் எண்ணும் மாடி எண்ணும் மேடையில் சொல்லப்பட்டால் அது யார் நடை என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த இரண்டையும் முதலிலேயே நீக்குங்கள்.