பழைய காரில் சார்ஜ் ஏறவில்லையா? சிவப்பு பல்பிலிருந்து தொடங்குங்கள்

கோவை, பொள்ளாச்சி, ஈரோடு பக்கம் அம்பாசடரும் பத்மினியும் ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "புது பேட்டரி போட்டும் காலையில செல்ஃப் எடுக்கலைங்க" என்று அவர்களில் ஒருவர் சொன்னால் ஆல்டர்னேட்டரை (இன்ஜின் சுழற்றும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) கழற்ற ஓடாதீர்கள். டாஷ்போர்டில் இருக்கும் சின்னச் சிவப்பு சார்ஜ் பல்பை முதலில் பாருங்கள்.

அது வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. சார்ஜிங் தொடங்குவதே அதன் வழியாகத்தான். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சுலபமாகப் புரியும். ஆல்டர்னேட்டரின் ரோட்டருக்குள், அதாவது சுழலும் பகுதிக்குள், ஒரு காயில் இருக்கிறது. அதில் கரண்ட் பாய்ந்து காந்தம் உண்டானால்தான் மின்சாரம் பிறக்கும். சாவியை ஆன் செய்ததும் பேட்டரி கரண்ட் பல்ப் வழியாக, ரோட்டரை உரசிக்கொண்டிருக்கும் கார்பன் பிரஷ் வழியாக அந்தக் காயிலுக்குப் போகிறது. அதனால் பல்ப் எரிகிறது. இன்ஜின் ஓடி சார்ஜ் வந்ததும் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் ஆகிவிடும், பல்ப் அணைந்துவிடும்.

பல்ப் பியூஸ் ஆகியிருந்தால் சில ஆல்டர்னேட்டர்கள் சார்ஜே கொடுக்காது. சில, நன்றாக ரேஸ் கொடுத்தால் ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்துத் தானே பிடித்துக்கொள்ளும். உக்கடம் டிராஃபிக்கில் ஊர்ந்தால் சார்ஜ் இல்லை, பொள்ளாச்சி ரோட்டில் விரட்டினால் இருக்கிறது என்றால் என் முதல் சந்தேகம் பல்ப் மேல்தான்.

(ஆல்டர்னேட்டருக்கு முன்பு இருந்த டைனமோ உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தாது. அங்கே பல்ப் அடையாளத்துக்கு மட்டும்.)

படி 1: சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். பல்ப் பளிச்சென்று எரிய வேண்டும். எரிந்தால் நேராக மூன்றாம் படிக்குப் போங்கள்.

படி 2: எரியவில்லையா? சாவியை ஆஃப் செய்துவிட்டு ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் பாருங்கள். தடித்த ஒயர் பேட்டரியோடு நேராகச் சேர்ந்தது. சாவி ஆஃபில் இருந்தாலும் அதில் கரண்ட் இருக்கும், பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். அதை விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது பல்பிலிருந்து வரும் ஒல்லி ஒயர். அது மாட்டியிருக்கும் முனையில் 'டி பிளஸ்', 'எல்' அல்லது 'ஐ.என்.டி.' என்று இருக்கும். அந்த ஒயரை மட்டும் கழற்றி, முனையை இன்ஜினின் சுத்தமான இரும்பில் தொடவைத்து, சாவியை ஆன் செய்யுங்கள்.

இப்போது பல்ப் எரிந்தால் கோளாறு ஆல்டர்னேட்டருக்குள்ளே. பெரும்பாலும் பிரஷ் தேய்ந்திருக்கும். எரியாவிட்டால் பல்ப், ஹோல்டர், ஒயர் மூன்றில் ஒன்று. ஹோல்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள், பித்தளைத் தகட்டில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

படி 3: மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து பேட்டரி முனைகளில் அளக்கவும். நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 15ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்துவிடும். வேட்டி, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

ஓடும்போதும் பல்ப் அணையவில்லை என்றால் முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கினால் தொய்வு. சாவியை எடுத்த பிறகும் பல்ப் எரிந்தால், ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் விடும் டயோடு ஷார்ட். பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி "சார்ஜ் இருக்கா" என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் டயோடும் ரெகுலேட்டரும் எரியலாம். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

படி 4: பல்ப் மாற்றும்போது பழைய வாட்டிலேயே வாங்குங்கள். 2.2 வாட் பல்ப் சுமார் 0.18 ஆம்பியர் விடும். பளபளப்புக்காக எல்.இ.டி. போட்டால் 0.02 ஆம்பியர் அளவுதான் போகும், ரோட்டர் விழிக்காது. எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் அதற்குப் பேரலலாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்துவிடுங்கள். அது சூடாகும், பிளாஸ்டிக்கில் படாமல் கட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டு, லேசாக ரேஸ் கொடுத்தபடி இன்னொரு முறை அளந்து பாருங்கள். 13.5க்குக் கீழே இறங்காவிட்டால் ராத்திரியில் மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலை ஏறலாம்.