பழைய புல்லட்டுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் தேடும் முறை

உதிரிபாகக் கடையில் ‘புல்லட் ஷாக்’ என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் எடுத்துத் தரும் ஜோடி உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று நம்புவதற்கில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா வழியாகத் திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் உருவான வண்டி அது. இத்தனை காலத்தில் உதிரிபாகங்களின் அளவுகளும் மாறியிருக்கின்றன, ஒவ்வொரு உரிமையாளரும் தம் வசதிக்கேற்பச் சக்கரத்தையும், அதைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம் என்ற சட்டத்தையும் மாற்றியிருக்கக்கூடும். ஆகவே உங்கள் வண்டியிலேயே அளந்து, அந்த அளவுகளை எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே சரியான வழி.

அதற்கு முன், ஷாக்கை மாற்றத்தான் வேண்டுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இருக்கையின் பின்பகுதியை இரு கைகளாலும் அழுத்திச் சட்டென்று விட்டால், வண்டி ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை குதித்தால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை என்று பொருள். குரோம் தண்டைச் சுற்றிப் புழுதியோடு கலந்த எண்ணெய்ப் பிசுக்கு வளையம்போல் படிந்திருந்தால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. பள்ளத்தில் ‘டக்’ என்ற ஓசை மட்டும் கேட்கிறது, குதிப்பு இல்லை என்றால், பெரும்பாலும் ஷாக்கை மாட்டும் துளைக்குள் இருக்கும் ரப்பர் உறையான புஷ் தேய்ந்ததுதான் காரணம். சிறு செலவில் முடிகிற வேலை அது.

அளவுகளில் முதன்மையானது நீளம். ஷாக்கின் மேல் துளையின் மையத்திலிருந்து கீழ்த் துளையின் மையம் வரை உள்ள தொலைவையே நீளம் என்கிறோம். மையத்தைக் கண்ணால் மதிப்பிட முயலாதீர்கள். இரு துளைகளும் ஒரே அளவாக இருந்தால், மேல் துளையின் மேல் விளிம்பிலிருந்து கீழ்த் துளையின் மேல் விளிம்பு வரை அளந்தால் மையத் தொலைவு துல்லியமாகக் கிடைத்துவிடும். அடுத்து, புஷ்ஷின் உள்விட்டத்தையும் அகலத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து, முனை வளையமாக இருக்கிறதா, கவட்டை வடிவில் இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது மாட்டியிருப்பதே தவறான ஷாக்காக இருக்க வாய்ப்புண்டு என்பதால், அதே ஆண்டில் வந்த இன்னொரு வண்டியோடும் உதிரிபாகப் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

நான் ஒருமுறை அளக்காமல் கடைக்காரர் சொல்லை நம்பி வாங்கிய ஜோடி, பழையதைவிட இரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருந்தது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தியபோது பின்சக்கரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தது. பின்புறம் உயர்ந்து முன் ஃபோர்க்கின் சாய்வு குறைந்துவிட்டதால், வேகத்தில் ஹேண்டில்பார் நிலைகொள்ளாமல் அலைந்தது. நீளம் குறைந்தால் வேறு தொல்லை: டயர் மட்கார்டில் உரசும், வண்டியின் அடிப்பாகம் வேகத்தடையில் இடிக்கும்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கம்பியின் தடிமன் பத்து விழுக்காடு கூடினால், மற்ற அளவுகள் மாறாத நிலையில், ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாட்டை உங்கள் முதுகு உணரும். ஸ்பிரிங்கின் அடியில் அதைத் தாங்கும் வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்பதும் தவறான எண்ணம், வண்டியின் உயரம்தான் அதனால் மாறும். சரிபார்க்கும் முறை எளிது. சக்கரம் தொங்கும் நிலையில் அச்சிலிருந்து மட்கார்டு போல்ட் வரை அளந்து, நீங்கள் உட்கார்ந்த பின் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். சக்கரம் மொத்தம் 75 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் என்றால், நீங்கள் உட்காரும்போது சுமார் 25 மில்லிமீட்டர் அமிழ வேண்டும்.

சென்னையில் புது உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையையும், கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டையையும் நாடலாம். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ‘பழைய ஸ்டாக்’ கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் ரப்பர் புஷ் கல்லாக இறுகியிருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். தண்டின் மீது நகத்தை ஓட்டும்போது சிறு சொரசொரப்பு தட்டினாலும் வாங்காதீர்கள், அந்தத் துருப்புள்ளி புது சீலையும் கிழித்துவிடும். படுக்க வைத்திருந்த ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, ஐந்தாறு முறை அழுத்தி இழுத்து உள்ளிருக்கும் காற்றை விலக்கிய பிறகே அதன் தரத்தை மதிப்பிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாயின், இங்கிலாந்தின் ஹேகன், ஆஸ்திரேலியாவின் ஐக்கான் ஆகியவை பழைய வண்டிகளுக்கென்றே ஷாக் செய்கின்றன. தலைப்பகுதி மரையோடு இருக்கும் பழைய ஷாக்கைத் திறந்து சீலும் எண்ணெயும் மாற்றிவிடலாம் என்பதால், ஒரிஜினலை அவசரப்பட்டுக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்.

மாட்டும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கப்படும். இயன்றால், உரிய கருவியால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கை மட்டும் மாட்டி, சக்கரத்தை முழுதும் மேலே தூக்கி, எங்கும் தட்டவில்லை என்று பாருங்கள். ஸ்பிரிங்கைக் கயிற்றாலோ கையாலோ இறுக்கிக் கழற்ற முனையாதீர்கள். விடுபட்டால் எலும்பு முறியும். ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, வண்டி தரையில் எடையோடு நிற்கும்போதே நட்டுகளை இறுதியாக இறுக்க வேண்டும். பிறகு டயரின் மேல் சுண்ணக்கட்டியைப் பூசி, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேடுபள்ளமான சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, மட்கார்டின் உட்புறம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள்.