தொட்டி நிறைந்ததும் மோட்டார் நிற்க: முதலில் டிங்கர்கேட், பிறகு வாளி

முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வாரத்தில் முடியும் புராஜெக்ட் இது. மூவர் சேர்ந்த குழு போதும். சர்க்யூட்டைக் கணினித் திரையில் கட்டி ஓட்டிப் பார்க்கும் டிங்கர்கேட் இலவசம், பிரவுசரிலேயே ஓடும்.

தேவை: ஆர்டுயினோ ஊனோ (நாம் எழுதும் நிரலை ஓட்டும் சிறு போர்டு), ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் தூரம் அளப்பது), 5 வோல்ட் ரிலே (பம்பை ஓட்டவும் நிறுத்தவும் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பிசி547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1என்4007 டயோடு, சிறிய 5 வோல்ட் பம்பு, அதற்குத் தனி சப்ளை, வாளி. வகுப்பில் 230 வோல்ட் மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

கணினியைத் திறக்குமுன் நோட்டில் கணக்கு. 30 செ.மீ. ஆழ வாளி, நிறைமட்டத்துக்கு 10 செ.மீ. மேலே சென்சார். சென்சாரிலிருந்து நீர் வரையான தூரம் 35 செ.மீ. வந்தால் பம்பு ஓடட்டும், 12 செ.மீ. வந்தால் நிற்கட்டும். எதிரொலி நேரத்தை மைக்ரோ விநாடியில் எடுத்து 58-ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். அப்படியானால் 35-க்கு 2030, 12-க்கு 696. இந்த எண்களை முன்கூட்டி எழுதாத குழு சிமுலேஷனை வெறும் வேடிக்கை பார்க்கும். எழுதிய குழுவுக்குத்தான் திரையில் வரும் எண் சரியா தவறா என்று தெரியும்.

டிங்கர்கேட்டில் சென்சாரைச் சொடுக்கினால் நகர்த்தக்கூடிய வட்டம் ஒன்று தெரியும். அதுதான் நீர்மட்டம். முதலில் ஒரே எல்லையை, 20 செ.மீ. என்று வைத்து, வட்டத்தை அதைச் சுற்றி முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லுங்கள். ரிலே படபடக்கும். பம்பு ஓடும்போது நீர் அலைவதால் வாளியிலும் இதுவேதான் நடக்கும். ஓட ஓர் எல்லை, நிற்க ஓர் எல்லை என்று இரண்டு எதற்கென்று அங்கேயே புரிந்துவிடும்.

ரிலேயை நேராக ஊனோவின் பின்னில் (pin) மாட்டும் பிழை எல்லாக் குழுவிலும் வரும். ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஊனோவின் பின்னுக்கு 20 நல்லது, 40 உச்சவரம்பு. அதனால் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, காயிலின் ஒரு முனை 5 வோல்ட்டுக்கு, மறுமுனை கலெக்டருக்கு. காயிலுக்குக் குறுக்கே டயோடு, கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம். டயோடு இல்லாவிட்டால் ரிலே அணையும் கணத்தில் எழும் உயர் வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொல்லும். பிசி547-இன் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். திரையில் உள்ள வரிசையை நம்பி அப்படியே மாட்டாதீர்கள்.

வாளிக்கு வந்ததும் அளவு குதிக்கும். சென்சார் சாய்ந்திருக்கும், அல்லது வாளிச் சுவரிலிருந்து எதிரொலி வரும். 60 மில்லி விநாடி இடைவெளியில் ஐந்து அளவுகள் எடுத்து நடு மதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ.-க்குக் கீழும் 45 செ.மீ.-க்கு மேலும் வருபவற்றைத் தள்ளுங்கள். ஐந்துமே தள்ளப்பட்டால் பம்பு நிற்க வேண்டும்.

மதிப்பெண்ணில் பாதியை ஓர் அட்டவணைக்குக் கொடுங்கள்: நோட்டுக் கணக்கு, திரை அளவு, வாளி அளவு, வேறுபட்டதற்குக் காரணம். பம்பு ஓடாத குழுவும் காரணத்தைச் சரியாகக் கண்டிருந்தால் அந்தப் பாதியை முழுதாகப் பெறட்டும்.